கீழ்ப்படியைப் பூச்சியமாகக் கொள்க

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு கடிதத்தை எழுதாமல் தப்புவதற்காகவே இந்தக் கதையைத் தொடங்கினேன். நான் மட்டக்களப்பில் அட்சரகணிதம் கற்பிப்பவன். சுனாமி வந்த கையோடு ஒரு நிவாரணக் குழு, பாதிக்கப்பட்டோரைப் பதிய ஒரு படிவம் தயாரித்துத் தரும்படி என்னைக் கேட்டது. கேட்டார்களே, பாவிகள்!

2.
(முதல் தொடக்கம்: "வாவியில் பொழுது சாய்ந்துகொண்டிரு... " வேண்டாம். வாவிக்கு இதில் வேலையில்லை.)

இரண்டாம் தொடக்கம்: வடிகட்டிய அட்சரகணிதம் என்று ஒரு கணித அமைப்பு உண்டு. அதில் படிகள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய சட்டிகள்போல இருக்கும். மேற்படிக்குள் கீழ்ப்படி முழுவதும் உண்டு. எங்கள் சனமும் அப்படித்தான்: சுனாமிக்குள் யுத்தம், அதற்குள் முந்திய யுத்தம். பதிவு செய்யும் கந்தோருக்கு இது பெரிய தலையிடி. ஆகவே நான் தரப்படுத்தினேன். தரப்படுத்தும்போது ஒவ்வொரு படியிலும் கீழ்ப்படியைப் பூச்சியமாகக் கொள்வோம். எது முதலில் வந்தது என்ற வித்தியாசமும் பல வேளைகளில் கீழே விழுந்து பூச்சியமாகிவிடும். எவ்வளவு துப்புரவு! ஒரு குடும்பத்துக்கு ஒரே படி. கடைசியாகப் பட்ட அடி எதுவோ, அது. எனக்குக் கேடயமும் தந்தார்கள்.

3.
இது 2009. யுத்தம் முடிந்துவிட்டது. புஸ்பம் வருகிறாள். (இவள் கற்பனை என்று எழுதிப் பார்த்தேன். சற்றுமுன் என் வாசலில் செருப்பைக் கழற்றியவளை எப்படிக் கற்பனை என்பது?)

"சேர், எங்கட மனிசன் நல்லரத்தினம் கடல் வந்த வருசம் ஐப்பசியில கரடியனாத்து வட்டைக்குப் போனவரு. கிறுகி வரல்ல. கடல் வந்தது மார்கழியில. இப்ப, காணாமப் போனவரெண்டு பதியப் போனா, கடலில செத்தவரெண்டு உங்கட படிவத்தில கிடக்காம்! வயலுக்குப் போன மனிசன எந்தக் கடல் சேர் கொண்டுபோகும்?"

"அது... படி..." என்று இழுத்தேன்.

"படியென்ன படி! பிழை உங்கட எண்டு ரெண்டு வரி எழுதித் தாங்க. மறுகா நான் தேடுவன்."

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம். இந்தப் பிழையை ஒப்புக்கொண்டால், அதே படிவத்தில் இருக்கும் நாலாயிரம் குடும்பங்களும் என் வாசலில்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4.
முடிவு ஒன்று: எழுதிக் கொடுக்கிறேன், நல்லரத்தினம் இறந்தவர் பட்டியலிலிருந்து வெளியே வருகிறார். முடிவு இரண்டு: கேடயத்தைத் துடைத்து வைக்கிறேன். முடிவு மூன்று: நல்லரத்தினமே வந்து நிற்கிறார். (வெட்டிவிட்டேன். அவளை எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதக் கை கூசியது.)

முடிவை உங்களிடம் விட்டுவிட எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் உங்கள் கையொப்பத்தை எந்தக் கந்தோரும் ஏற்காது.

புஸ்பம் கதிரையில் இருந்தபடி தாளை எட்டிப் பார்க்கிறாள்.

"என்ன சேர், இவ்வளவு எழுதுறீங்க? நான் ரெண்டு வரிதானே கேட்டன்."