ஒன்பதாவது சொடக்கு

...இது ஒன்பதாவது, எண்ணாதே எண்ணாதே என்று சொல்லிக்கொண்டே எண்ணிவிட்டேன், டக் என்று ஒரு சின்னச் சத்தம், அலமாரியில் இருபது ஊறுகாய் ஜாடிகள், எதிலிருந்து வந்தது? நேற்று சூளையிலிருந்து இறக்கியவை, பச்சை கிளேஸ் பூச்சு மதிய வெயிலில் ஈர இலை மாதிரி மினுங்குகிறது, ஜங்லிகாட் கடைத்தெரு சாப்பாட்டு நேரத்தில் அடங்கிக் கிடக்கிறது, பட்டறையில் நான் மட்டும். காரணம் தெரியாதா என்ன, இந்தத் தீவில் மின்னி பே பக்கத்து மண்ணில் பவளத் துணுக்கு இருக்கும், சரியாகச் சலிக்காவிட்டால் சூளையில் அது சுண்ணாம்பாகிவிடும், பிறகு கடல்காற்றின் ஈரத்தைக் குடித்து மெல்ல மெல்ல வீங்கி, கிளேஸை உள்ளிருந்து தள்ளி, நகம் அளவு சில்லாகத் தெறிக்கும்... காரணம் தெரிந்த சத்தத்துக்கு முதுகு ஏன் சில்லிடுகிறது? இந்த முறை சன்னச் சல்லடையில் இரண்டு தடவை சலித்தேனே.

போன முறைதான் சலிக்கவில்லை. சன்னச் சல்லடை கிழிந்திருந்தது, மண் கரைசலைப் பெரிய கண் சல்லடையில் ஊற்றி அவசரமாக முடித்தவள் நான், தெறித்த சில்லுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முதலாளி சொக்கலிங்கம் சார், "கிஸ்னே கியா? யாரும்மா சலிச்சது?" என்று கத்தியபோது "நீலாவதி" என்றவளும் நான்தான். பக்கத்துச் சக்கரத்தில் உட்கார்ந்தவள், என் டப்பாவிலிருந்து சாப்பிட்டவள். அவள் இல்லை என்று சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, என்னையே பார்த்தபடி விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொடக்கு எடுத்தாள், தினமும் வேலை முடிந்ததும் எடுப்பாளே அப்படி. ஒன்பதுதான் கேட்கும், இடது சுண்டுவிரல் மட்டும் பேசாது. "ஏண்டி, பத்தாவது எங்கடி?" என்று கேலி செய்வேன். "அது ஊமைடி இந்திராணி, ஒருநாள் உன்னோடத வாங்கிக்கறேன்" என்பாள். அவள் வேலை போயிற்று, அடுத்த மெயின்லேண்ட் கப்பலில் அவளும் போய்விட்டாள், நாலு மாதமாகிறது, ஒரு கடிதாசு இல்லை... இன்றைக்குச் சொல்லிவிடலாம், சார் வந்ததும், நான்தான் சார், அன்றைக்கும் நான்தான் என்று. இரண்டே வார்த்தை. சொன்னால் அவளைத் திரும்பக் கூப்பிடுவார், என்னை அனுப்பிவிடுவார்.

வாசலில் சைக்கிள் சாயும் ஓசை. சார் நேராக அலமாரிக்குப் போகிறார், ஒவ்வொரு ஜாடியாக எடுத்துத் திருப்பி, வயிற்றைத் தடவி, அடியைப் பார்த்து, கீழே குனிந்து தரையைக்கூடப் பார்க்கிறார். "அரே வா! ஒரு சில்லுகூடத் தெறிக்கல பாரு. யாரும்மா சலிச்சது?" தெறிக்கவில்லையா? அப்படியானால் ஒன்பது சத்தம்... இதோ கேட்கிறார், இப்போது சொல், நான் என்று சொல், வாய் திறக்கிறது. "நீலாவதி, சார்."

"கப்பலேறிப் போனவளா? பாகல் ஹோ கயீ கியா, பைத்தியமா உனக்கு, போய்ச் சாப்பிடும்மா" என்று சிரிக்கிறவர் சட்டென்று நிறுத்திவிட்டு என் மடியைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். எப்போதிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறேன், வலது கை முடிந்து, இடது கையில் நாலும் முடிந்து, கடைசியாகச் சுண்டுவிரல்... இழுக்கிறேன், மறுபடியும் இழுக்கிறேன், சத்தமே வரவில்லை. நேற்றுவரை என் விரல்களில் இதுதான் பெரிதாகச் சத்தம் போடும்.