மொட்டை மாடியில் போட்ட உப்பு

ரவி கடைசியாக உட்கார்ந்து ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு, அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு புள்ளிமான் நின்றது. அந்த வீட்டுக்கு மாடிப்படி கிடையாது. படிக்கென்று இறக்கிய செங்கல் சுற்றுச்சுவருக்குப் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்க வேண்டும். மான் யாரிடமும் ஏணி கேட்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சுந்தரவதனம் நகர் இரண்டாவது குறுக்குத் தெருவில் அன்று பால் அரை மணி தாமதமாக வந்தது, தண்ணீர் லாரி வரவேயில்லை. இவை மூன்றையும் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் அடுத்தடுத்துத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ரவி உட்காராமல் போன கதையும் தெருவுக்குப் பழையதுதான். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஏ.டி.எம். வாசலில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பதினோரு வருடம் காவல் இருந்தவர் அவர். ஒரு நாள் ஆட்கள் வந்து எந்திரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள், ஏ.சி.யை ஏற்றினார்கள், கடைசியில் "அண்ணா, கொஞ்சம் எந்திரிங்க" என்று சொல்லி நாற்காலியையும் ஏற்றினார்கள். ரவி எழுந்தார். மறுபடி உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார், பீரோவில் சாய்ந்து நின்றபடியே குறட்டை விட்டார். வேலை கேட்டுப் போன இடத்தில் உட்காரச் சொன்னால் மேஜையைச் சுற்றி நடந்தார். நிற்பதும் பொறுக்காமல் போனபோது மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் போய், நடை சாத்தும்வரை பிரகாரத்தைச் சுற்றினார். பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள். கால்கள் இரண்டும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரும் என்று குரோம்பேட்டை டாக்டர், மருந்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

ரவியின் மனைவி தீபலட்சுமிக்கு அதற்கப்புறம் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை அவளுக்கு. எந்தப் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோனாள். யார் கண் பட்டதோ என்று வெள்ளிக்கிழமை தோறும் கணவரை நிற்க வைத்துக் கல்லுப்பும் மிளகாயும் சுற்றினாள். மிளகாயை அடுப்பில் போட்டுவிடலாம். உப்பை எங்கே போடுவது? முச்சந்தியில் யாரோ உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்ததிலிருந்து, அங்கே எதையும் போடக் கூடாது என்று சங்கம் பலகை எழுதி வைத்திருந்தது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கரைத்துக் கொட்டினால் செப்டிக் டேங்குக்குப் போய் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். கால் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. அவள் கொல்லைப்புறத்தில் நின்று உப்பை மொட்டை மாடிக்கு வீசினாள். திருஷ்டி உப்பை நீரிலோ நெருப்பிலோ சேர்க்காமல் வெறுமனே மேலே போட்டு வைப்பது பெரிய பிசகு என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

விமானப்படை மதிலுக்கு அப்பால் இருக்கிற காட்டிலிருந்து அந்த மான் சனிக்கிழமை தோறும் அதே நேரத்துக்கு வந்தது. ஒரே எம்பில் மாடி ஏறும், தளத்தை நக்கும், பிறகு இறங்கித் தெருவின் துளசி, செம்பருத்தி, முருங்கைக்கொழுந்து எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் திரும்பும். விரட்டுவதற்குச் செயலாளர் ஒரு பட்டியல் தயாரித்தார். ரத்தினத்தின் சலூனிலிருந்து வெட்டிய முடியை வாங்கிப் பழைய சாக்ஸில் அடைத்து வாசல் தோறும் தொங்கவிட்டார்கள். மனித வாடைக்கு மான் வராதாம். மான் அதில் முகம் துடைத்துக்கொண்டு போனது. குளியல் சோப்பைக் கட்டினார்கள். நக்கிவிட்டு வாயில் நுரையோடு நடந்தது. பூண்டும் மிளகாயும் அரைத்துத் தெளித்ததற்கு இரண்டு தும்மல் போட்டது. அழுகிய முட்டைக் கரைசலும் பட்டியலில் இருந்தது. செயலாளர் அதை "நாலாவது ஐட்டம்" என்றே குறிப்பிட்டார், கலக்குகிற பொறுப்பைப் பன்னிரண்டாம் எண் வீட்டுப் பென்னியிடம் விட்டார். பென்னி அதோடு நிற்காமல் தெரிந்த டிரைவர் மூலம் வண்டலூர் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஒரு வாளி புலிச்சாணமும் கொண்டுவந்தார். நான்கு தெரு நாய்கள் ஒட்டுமொத்தமாகச் சேலையூருக்குக் குடிபோயின. மான் ஆறு பத்துக்கு வந்தது.

தீபலட்சுமியும் தன் பங்குக்கு வேப்பெண்ணெய் தெளித்தாள். அவளுக்கு மான் ஒரு தொல்லை, அவ்வளவுதான். அவள் மனமெல்லாம் வேறொரு சந்தோஷத்தில் இருந்தது: திருஷ்டி கழிந்துகொண்டிருந்தது. முதல் சனிக்கிழமை ரவி கீழே விழுந்த கரண்டியை முழங்கால் மடக்கி எடுத்தார். அடுத்த வாரம் கட்டில் ஓரத்தில் லேசாக ஒட்டி நின்றார். மூன்றாவது வாரம், ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கிற நேரம், நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். அவள் சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு வந்தாள்.

நான்காவது வாரம் செயலாளரின் பட்டியலில் கடைசி ஐட்டம் பலித்தது. ஆண்டுப் பொதுக்குழுவில் தாம் படித்த வரவேற்புரை, ஆண்டறிக்கை, நன்றியுரை மூன்றையும் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தார். அதை ஸ்பீக்கரில் போட்டு, விடியற்காலையிலிருந்து திரும்பத் திரும்ப ஓட விட்டார். மான் தெருமுனை வரை வந்தது, ஆண்டறிக்கையின் இரண்டாம் பத்தி வரை கேட்டது, திரும்பிப் போய்விட்டது. அன்றோடு சேர்த்து மூன்று வாரம் மாடிக்கு வரவேயில்லை. அந்த மூன்று வாரமும் ரவி உட்காரவில்லை. மறுபடி பீரோவில் சாய்ந்தார், மறுபடி மாடம்பாக்கம் போனார், கணுக்கால் வெடித்து நீர் கசிந்தது. தீபலட்சுமி உப்பை இரண்டு பிடியாக்கிச் சுற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஏணி வாங்கி மேலே ஏறிப் பார்த்தாள். மூன்று வெள்ளிக்கிழமை உப்பும் தளத்தில் அப்படியே கிடந்தது, ஒரு கல்கூடக் குறையாமல். ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நேரே செயலாளர் வீட்டுக்குப் போனாள். அவர் இல்லை, அவர் மனைவி பாலாம்பாள் இருந்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்ட பாலாம்பாள் ஆச்சரியப்படவுமில்லை, சந்தேகப்படவுமில்லை. எழுந்து போய் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள்.

"நாப்பது வருஷமா இதைக் கேக்கறேண்டி தீபா. நான் எங்கேயும் ஓடலை. பாவம், அந்த ஜீவனுக்கு என்ன தலையெழுத்து!"

அதன் பிறகு, விரட்டிய தீபலட்சுமியே அழைக்க ஆரம்பித்தாள். தெருவைக் கழுவி வேப்பெண்ணெய் வாடையைப் போக்கினாள். பலா இலைக் கொத்தும் அகத்திக்கீரையும் சுற்றுச்சுவரில் கட்டினாள். கடலைப் பிண்ணாக்கை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து, மதில் பக்கத்து முட்புதரிலிருந்து தன் வீட்டு வாசல் வரை உருண்டை உருண்டையாக வைத்துக்கொண்டே வந்தாள். அந்தச் சனிக்கிழமையே மான் வந்து, கிடந்த உப்பையெல்லாம் நக்கித் துடைத்தது. ரவி உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டார். அடுத்த வாரம் கால் நீட்டிப் படுத்தார். கத்தரிக்காய் நிறம் மெல்ல வடிந்தது. செம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டார்கள், நாற்காலியும் உண்டு என்றார்கள்.

ஆனால் மான் படுப்பதில்லை. அதை முதலில் கவனித்தவள் தீபலட்சுமிதான். கவனித்தும் கவனிக்காதவள் போல இருந்தாள். அது இப்போது காட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. பதினெட்டு வீட்டு மொட்டை மாடிகளிலும் மாறி மாறித் தாவியது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றபடி கண் மூடும், உடனே திடுக்கிட்டுக் கிளம்பும். மாடம்பாக்கம் கோயில் மதிலை வெளியே சுற்றிச் சுற்றி வருவதாக அங்கிருந்து செய்தி வந்தது. வேளச்சேரி சாலையில் பஸ்களுக்கு நடுவே இரண்டு தடவை ஓடி, ஒரு தடவை விலாவில் அடி வாங்கியது. அவள் வெள்ளிக்கிழமை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உப்பை வீசினாள். வீசிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள்.

ஒரு நாள் காலை மான் மாடி ஏற முடியாமல் கேட்டருகில் நின்றது. ரவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதன் கால்களையே வெகுநேரம் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே நான்கும் வீங்கிக் கறுத்திருந்தன.

"தீபா, இங்க வா. இதோட காலப் பாரு. என் காலு மாதிரியே கீது."

வந்தவள் மானின் காலைப் பார்க்காமல் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா போட்டுகினு இருந்த?"

"உங்க கால எடுத்துடுவாங்கன்னு டாக்டர் சொன்னாரே! நான் இன்னாதான் பண்றது?" என்று கத்தினாள். தெருவில் நாலு வீட்டு ஜன்னல் திறந்தது.

ரவி எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மானுக்கு முன்னால் வைத்தார். "ஒக்காரு" என்றார். மானுக்கு நாற்காலியில் பழக்கமில்லை. அது அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. "இது ஒக்காரட்டும், அப்புறம் நான் ஒக்கார்றேன்" என்று சொல்லிவிட்டு அவரும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார். மதியம் வரை நின்றார்கள். அவர் கணுக்காலில் பழைய நிறம் திரும்ப ஏறுவதைத் தீபலட்சுமி வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் ஒரு மத்தியானத்தில் வீணாகிப் போகிறதே என்று வயிறு எரிந்தது. மனுஷன்மேல் கோபம் வந்தது. இப்படிப்பட்ட மனுஷன் தனக்கு வாய்த்தாரே என்று, அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே, நெஞ்சு விம்மியது.

வழி சொன்னவள் பாலாம்பாள்தான். "ஒரு உடம்பு தாங்காதுடி. பங்கு போட்டா குறைஞ்சுடும். ஒரு சிட்டிகை எனக்குக் குடு. நான் சாம்பார்ல போட்டுக்கறேன்."

தீபலட்சுமி பதினேழு வாசல்களில் ஏறி இறங்கினாள். எதையும் மறைக்கவில்லை, இதைச் சாப்பிட்டால் கொஞ்சம் நிலைகொள்ளாமல்தான் இருக்கும் என்று சொல்லியே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ரவியையும் மானையும் சேர்த்து நிற்க வைத்து, ஒரு சொம்பு கல்லுப்பை வலப்பக்கம் மூன்று தடவையும் இடப்பக்கம் மூன்று தடவையும் சுற்றினாள். ரவி மூன்று தடவை துப்பினார். மான் மூன்று தடவை மூக்கை நக்கிக்கொண்டது. அதையே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். பென்னி தம் பங்கை வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, மீன்குழம்பில் கலந்தார். ரத்தினம் மோரில் போட்டுக் குடித்தார். செயலாளர், சங்க விதிகளில் இதற்குத் தடை ஏதும் இல்லை என்று பார்த்த பிறகு, கடைசியாகக் கை நீட்டினார்.

எட்டாம் எண் ஷ்யாம்சுந்தர் வீடு மட்டும் பூட்டியிருந்தது. அவர்கள் திருப்பதி போயிருந்தார்கள். அந்த வீட்டுப் பங்கையும் தன் வீட்டுப் பங்கோடு தீபலட்சுமியே ரசத்தில் போட்டுக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு மான் முன்னங்கால்களை மடக்கி, பின்னங்கால்களை மடக்கி, நாற்காலிக்குப் பக்கத்து நிழலில் படுத்தது. அதைப் பார்த்துவிட்டு ரவி நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சாயந்திரம் வரை தூங்கினார்கள்.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டாவது குறுக்குத் தெருவில் இன்றும் யாரும் ஒரு சினிமாவை ஒரேயடியாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து பாயசம் கேட்பார்கள். ஆண்டுப் பொதுக்குழு ஒன்பது நிமிடத்தில் முடிகிறது. ஸ்ரீநிவாசராகவனே நன்றியுரையை வாசலில் நடந்துகொண்டே சொல்கிறார். மாடிப்படி இன்னும் கட்டவில்லை. மான் சனிக்கிழமைகளில் வருகிறது. அதற்குச் சுற்றாத உப்பு ஒரு கட்டி தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

தீபலட்சுமி காலை பஸ்ஸில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து குரோம்பேட்டை வரை நின்றுகொண்டேதான் போகிறாள். வண்டி காலியாக இருந்தாலும் அப்படித்தான். புதிதாக வந்த கண்டக்டர் மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"சீட்டுதான் காலியா கீதே, ஒக்காரும்மா."

"பரவால்லண்ணா. வூட்ல ஒக்காந்து கீறாரு" என்று சொல்லிவிட்டு, கம்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.