ஏழாம் வகுப்பின் கப்பல்கள்

சண்முகசுந்தரி டீச்சருக்கு ஒவ்வொரு மே மாதமும் வேலை போய்விடும். ஜூனில் திரும்ப வரும். டவுண் ரதவீதிக்குப் பின்னால் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் மூன்று வருடமாக இதே கூத்துதான். தொண்ணூற்றாறில் தாளாளர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி அதற்கு ஒரு வழி சொன்னார். ஜவுளிக்கடைக்காரர்; எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

"கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாச்சு டீச்சரம்மா. வியாழக்கிழமை நானே வந்து பாப்பேன். ஏழாங்கிளாஸ் பிள்ளைக அதுல கணக்கை நல்லா போட்டா, ஒங்க வேலைய நிரந்தரமாக்கிருதேன்."

நல்ல வாக்குத்தான். ஆனால் கம்ப்யூட்டர் காட்டிய மதிப்பெண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. பாதிப் பேர் முட்டை. கரும்பலகையில் போட்டால் பளிச்சென்று விடை சொல்கிற ஸமீஹாவும் முட்டை.

"ஏ புள்ள, பதினேழு எட்டு எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தாறு டீச்சர்."

"பொறவு ஏன் அதுல ஒம்பதுன்னு போட்ட?"

ஸமீஹா தலையைக் குனிந்துகொண்டாள். "சரியா போட்டா கப்பல் பேசாம கரைக்குப் போயிருது டீச்சர். தப்பா போட்டாத்தான் பாறையில முட்டி வெடிக்கு."

உண்மைதான். கம்ப்யூட்டரில் இருந்த அந்தக் கணக்கு விளையாட்டைச் செய்த புண்ணியவான் சரியான விடைக்கு ஒரு சின்ன மணிச்சத்தமும், தப்பான விடைக்குத் தீ, புகை, தண்ணீரில் குதிக்கும் மாலுமிகள் என்று ஒரு தீபாவளியும் வைத்திருந்தான். எந்தப் பிள்ளை மணிச்சத்தத்துக்காக மெனக்கெடும்? அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அடுத்த மே மாதம் கண்முன்னே நின்றது.

வெட்கத்தை விட்டு வகுப்பிடம் கெஞ்சினாள். "வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் சரியா போடுங்க. வெள்ளிக்கிழமை பீரியட் பூரா எத்தன கப்பல வேணும்னாலும் முங்கடிங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பிள்ளைகள் சொன்ன சொல் தவறவில்லை. வியாழக்கிழமை நாற்பது பேரும் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். ஒரு கப்பல்கூட முங்கவில்லை. அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். சண்முகசுந்தரிக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்று வருடம் தொண்டை வற்றக் கத்தியது வீண்போகவில்லையே.

"பெட்டி என்னமா சொல்லிக் குடுக்குது பாத்தீங்களா!" என்றார் அண்ணாச்சி. "இனிமே கணக்குக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு? பிள்ளைகள வரிசையா உக்கார வைக்க பி.டி. சார் போதும்."

"அது சொல்லிக் குடுக்கலை அண்ணாச்சி. கேள்வி மட்டுந்தான் கேக்கும்."

"அதான் பிள்ளைக பதில் சொல்லுதாவளே!"

அண்ணாச்சி பெட்டியின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஜூன்ல ஒங்களுக்குச் சிரமம் வேண்டாம். போறதுக்கு முந்தி, இத எப்படிப் போடணும், எப்படி அணைக்கணும்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அண்ணாச்சி வாங்கிப் படித்தார். படித்தபடியே பெட்டியை அணைத்தார்; திரும்பப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்ததும் அவர் முகத்திலும் வந்தது.

"எனக்கே ஒரு தடவையில வெளங்கிட்டே! சொல்லிக் குடுக்கதுல ஒங்கள மிஞ்ச ஆளே கிடையாது டீச்சரம்மா."