கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு கல்

கந்தவேல் போன பிறகு அந்த நாயுடுபுரத்து வீட்டில் இரண்டு ஜீவன்கள் நிலைகொள்ளாமல் அலைந்தன. ஒன்று அவன் மனைவி தமயந்தி. இன்னொன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மண்ணுளிப் பாம்பு.

கந்தவேல் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் அறையைப் பார்த்துக்கொண்டவன். மலையடிவாரத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் அடிக்க இருந்த பாம்பைக் கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து வளர்த்தான். விஷமில்லாதது. மலைக் குளிருக்காகப் பெட்டியின் மூலையில் எப்போதும் ஒரு பல்பு எரியும். புதைய ஆழம் போதாத மணல்மேல் தட்டையாக ஒரு கல். பகலெல்லாம் பாம்பு அதன் அடியில்தான் கிடக்கும்.

அந்தக் கல் இப்போது இல்லை. கருமாதிக்குக் கல் ஊன்ற வேண்டிய அன்று மழை விடவில்லை. பேத்துப்பாறையிலிருந்து வந்திருந்த கொழுந்தன் திருமலைச்சாமி, வெளியே போய்த் தேட அலுத்துக்கொண்டு, பாம்பைக் கம்பால் ஒதுக்கிவிட்டுப் பெட்டிக்குள் இருந்த கல்லை எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டான். அதையே கந்தவேலாகப் பாவித்து எண்ணெய் வைத்தார்கள், குளிப்பாட்டினார்கள், சோறு படைத்தார்கள், கடைசியில் ஓடையில் விட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் தமயந்திக்கு விஷயம் தெரிந்தது.

"மலை பூரா கல்லுதான மதினி கெடக்கு," என்றான் அவன். "அந்தச் சனியனக் காட்டுல விட்டுட்டு வேற சோலியப் பாருங்க."

மலைக்காட்டுக் குளிரில் விட்டால் அது விடியும்வரை தாங்காது. பெட்டிக்குள்ளும் தாங்கும் போலத் தெரியவில்லை. ஒளிய இடமில்லாமல் கண்ணாடியில் உரசி உரசி மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டது. எலிக்குஞ்சு போட்டால் விலகிப் போயிற்று. நாளுக்கு நாள் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. கந்தவேல் கையால் தின்று வளர்ந்தது இந்த வீட்டில் இனி இது ஒன்றுதான். இதுவும் போய்விடுமோ என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

ஓடைக்கரையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து வைத்தாள். அது மணலில் சரிந்தது. பாம்பு நசுங்காமல் தப்பியதே பெரிது. கனமில்லாத கல் வேண்டும், உள்ளே குடைவாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் ஒரு சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் சிமிட்டிக் கலவையை அப்பினாள். காயும்வரை பொறுக்கவில்லை. சாயங்காலமே சட்டியை உருவப் போய் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த தடவை கோழிக்கூட்டுக் கம்பிவலையைக் குன்றுபோல் வளைத்து, சாக்குத் துணியைச் சிமிட்டிப் பாலில் முக்கி அதன்மேல் போர்த்தினாள். மடிப்புகளை விரலால் அழுத்தி வெடிப்பும் மேடும் ஆக்கி, மணலும் கரித்தூளும் தூவினாள். பாம்பு நுழைய ஒரு பக்கம் வாய் விட்டாள். விரல் நுனியெல்லாம் எரிந்தது.

உடனே உள்ளே வைக்கவும் முடியாது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கட்டிய புதிதில் கந்தவேல் அவசரப்பட்டு மீன் விட்டு, அத்தனையும் செத்து மிதந்தது அவளுக்கு நினைவிருந்தது. சிமிட்டியின் காரம் போக வேண்டும். கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் பலகைபோட்டு அதன்மேல் கல்லை வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். நடுநடுவே ஓடி ஓடிப் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனபோது கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. உச்சியில் குங்குமம், இரண்டு செவ்வந்திப்பூ. வாய்க்கு முன்னால் ஒரு முட்டை. உள்ளே பால் தேங்கியிருந்தது. குங்குமத்தைப் பார்த்ததும் தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ கேலி செய்கிறார்கள்.

வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் செம்போடு வந்தாள். உருளைக்கிழங்கு, பூண்டு வியாபாரக் குடும்பம்.

"இது யாரு வேலைக்கா?"

"நாந்தான். வெள்ளனே எந்திரிச்சு ஈரத்தலையோட நீ தண்ணி ஊத்துறதத் தெனம் பாக்குறேன்ல. பாம்ப அடச்சு வச்ச தோசத்துக்குப் புத்துக்கல்லு வச்சு கும்புடுறன்னு நெனச்சேன். பாவம், நீ குங்குமம் தொட மாட்டியே, நாமளாச்சும் வைப்பமேன்னு வச்சேன்."

தமயந்தியின் கோபம் அப்படியே நின்றுபோயிற்று.

"இது சாமியில்லக்கா. சிமிட்டி. உள்ள கம்பிவலையும் சாக்கும்தான். அந்தப் பாம்பு படுக்குறதுக்குச் செஞ்சேன்."

பொன்னுத்தாய் செம்பைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு தெனமும் கும்புட்டேனே. எங்க வீட்டுக்காரருக்கு முட்டுவலி வேற கொறஞ்சிருக்கு."

"இன்னைக்கு உள்ள வைக்கணும்க்கா. அது எதையுமே தின்ன மாட்டேங்குது."

"கும்புட்ட கல்லயா? ஆகாதுடி. வேற செஞ்சுக்க."

"வேற செஞ்சு, அது ஊறி முடியுறதுக்குள்ள பாம்பு செத்துரும்." தமயந்தி கல்லைத் துடைக்க ஆரம்பித்து நிறுத்தினாள். "நீங்க கும்புட்டது கல்லையா பாம்பையாக்கா?"

"பாம்பத்தான்."

"அது போக்கிடம் இல்லாம உள்ள முட்டிக்கிட்டுக் கெடக்கு."

பொன்னுத்தாய் கல்லைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். "ஆள உள்ள விட்டுட்டு வீட்டக் கொல்லையில வச்சிருக்கியே, கூறுகெட்டவளே. வெரசா அந்தப் பக்கம் பிடி." தூக்கியதும் அவள் முகம் மாறியது. "என்னடி கனமே இல்ல. இதயா கும்புட்டேன்?"

பாலைக் கழுவித் துடைத்து, பல்பு வெளிச்சம் படும் மணலில் கல்லை வைத்தார்கள். பாம்பு நாக்கை நீட்டி மஞ்சள் கறையை முகர்ந்தது. பிறகு கல்லின் வாய்க்குள் நுழைந்தது. மொண்ணை வாலும் உள்ளே போனதும் பெட்டியில் ஒன்றுமே இல்லாததுபோல் ஆயிற்று. தமயந்திக்குப் பதற்றம் இன்னும் கூடியது. இத்தனை நாளும் உயிர் இருப்பதையாவது பார்க்க முடிந்தது. கல்லைத் தூக்கக் கை போயிற்று. பொன்னுத்தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒளியத்தான வீடு குடுத்த. சும்மா இரு."

தன் வீட்டுக் கிழங்கு அறைக்குப் போய் ஒரு சிரட்டையில் எலிக்குஞ்சு கொண்டுவந்து கல்லின் வாயருகே விட்டாள். பிறகு தமயந்தியை இழுத்துப் போய் வாசலில் பூண்டு உரிக்க வைத்தாள். தமயந்தி உரித்த பூண்டையே திரும்பத் திரும்ப உரித்தாள். முறம் நிறையும்வரை பொன்னுத்தாய் எழவிடவில்லை.

உள்ளே வந்து குனிந்து பார்த்தபோது, கல்லின் இருட்டுக்குள் எலிக்குஞ்சின் சிறு வால் மட்டும் பாம்பின் வாய்க்குள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

பொன்னுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடுத்த வெள்ளிக்குப் பால் ஊத்தலாமா?"

"பால் வேண்டாம்க்கா. எலி இருந்தா கொண்டாங்க."

"சாமிக்கு எலி படைக்கச் சொல்றவ ஊருலயே நீ ஒருத்திதாண்டி," என்று சொல்லிக்கொண்டே பொன்னுத்தாய் சிரட்டையைத் தேடி எடுத்தாள்.