பதவியை வெறிதாக்கியவர்

ஐஸ் பெக்டரியில் மிசினடியில் நின்று ஐஸ் உடைக்கிற மனிதருக்கு அலுவலகமான கந்தோரிலிருந்து கடிதம் வருவதே புதினம். அதுவும் பதிவுத் தபாலில். ஏறாவூர் உசனார் கையெழுத்து வைத்து வாங்கி, கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"முன்னறிவித்தலின்றிப் பணிக்குச் சமுகமளிக்காமையினால் தாங்கள் தங்களது பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுகின்றீர்கள். விளக்கம் ஏதுமிருப்பின் இரு வாரங்களுக்குள் சமர்ப்பித்தல் வேண்டும்."

மற்றச் சொற்களெல்லாம் கண்ணில் பட்டு வழுக்கிப் போயின. 'வெறி' மட்டும் நின்றது. மட்டக்களப்பில் வெறி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சாராயம் உள்ளே போனால் வருவது. உசனாரோ சோடாவைக்கூட மணந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆள்.

நடந்தது இவ்வளவுதான். மகள் ஸுஹைனாவுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தார்கள். மருமகன் கட்டாரில். உசனார்தான் சோற்றுப் பார்சலோடு ஆஸ்பத்திரி வாசலில் நாட்கணக்காகக் காவல் கிடந்தார். போகும்போது, "மகளுக்குப் பிரசவம், ஆஸ்பத்திரிக்குப் போறன், கந்தோரில சொல்லிருங்க" என்று பெக்டரி வாசலில் காவல் நிற்கிற வோச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். வோச்சர் மறந்துபோனார். இதை எழுதிக் கொடுத்திருந்தால் அரைப் பக்கம் வராது. ஆனால், ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கினால்தானே?

அவர் தான் குடிக்காதவர் என்று நிரூபிக்கப் புறப்பட்டார். முதலில் டொக்டரிடம் போனார். டொக்டர் இரத்தத்தைச் சோதித்து, சாராயம் இல்லை, கொழுப்புத்தான் கூட, நெய்ச்சோற்றைக் குறைக்கவும் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு பள்ளிவாசலுக்குப் போனார். நிருவாகம் கூடியது. நிருவாகத்தில் ஒருவரான மரைக்கார் கடிதத்தை எல்லாரும் கேட்க உரத்து வாசித்தார். அவருக்கும் அது வெறியாகத்தான் பட்டது. அன்றைக்கு அசர்த் தொழுகைக்குள் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. தொழுகை வரிசையில் பக்கத்தில் நின்றவர் மெல்ல மூக்கை உறிஞ்சிப் பார்த்ததுதான் உசனாருக்குத் தாங்க முடியாமல் போனது. அன்றிரவு அவர் சோறு தின்னவில்லை.

கடைசியில் டொக்டரின் கடிதமும், குடிக்காதவர் என்று பள்ளி கொடுத்த கடிதமும் கையில் கிடைத்தபோது இரு வாரத் தவணை முடிந்திருந்தது.

பெக்டரி மனேஜர் நல்லரத்தினம் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதத்தை அடித்த கிளாக் வதனிதான் வாய் திறந்தாள்.

"காக்கா, இதில ஆரு வெறி எண்டு சொன்னது? வெறிது எண்டா வெறுமை. உங்கட கதிரையக் காலியாக்கிப் போட்டுப் போயிட்டீங்க எண்டுதான் அர்த்தம்."

"எந்தக் கதிரைய புள்ள? நான் இஞ்ச நிண்டுதான் வேல செய்யிறன், ஒரு நாளும் கதிரையில குந்தினதில்லியே!"

நல்லரத்தினம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மோசமான மனிதரல்ல. உதவி செய்யத்தான் பார்த்தார்.

"உசனார், வெறிதாக்கல் எண்டா வேலை போன மாதிரித்தான். விசாரணையும் இல்ல. ஆனா குடிச்சிட்டு வராம நிண்டா முதல் தரம் எச்சரிக்கை மட்டும்தான். கொஞ்சம் குடிச்சிருந்தன், அதான் வரல்ல எண்டு ஒரு வரி எழுதித் தாங்க. வேலையக் காப்பாத்தித் தாறன்."

உசனார் பேனையைப் பார்த்தார். பேரப்பிள்ளையின் பால்மா நினைவுக்கு வந்தது. எழுதிவிடலாமா என்று நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு எழும்பினார்.

"வேல போகட்டும் சேர். குடிக்காதவன் எண்டு பள்ளியில எழுதி வாங்கின கையால இத எழுத ஏலா."

அவர் கதவடிக்குப் போவதற்குள் வதனி கேட்டாள். "சேர், அப்ப பள்ளிக் கடிதத்துக்கு என்ன பதில்? என்ன ஆதாரத்தில வெறி எண்டு எழுதினீங்க எண்டு கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதல் பதில் வேணுமாம்."

பெக்டரியில் பாதிப் பேர் அந்தப் பள்ளிக்குப் போகிற ஏறாவூர் ஆட்கள். நல்லரத்தினம் அவசரமாகச் சொல்லத் தொடங்கினார். "வெறிதாக்கல் எனும் பதமானது..."

"இதையும் அவங்க வெறி எண்டுதான் வாசிப்பாங்க சேர். நேரா எழுதுவம்."

உசனார் சொல்லிவிட்டுப் போனது என்னவென்று வோச்சரிடம் கேட்டுவிட்டு வதனி நேராக எழுதினாள். "உசனார் குடிக்கவில்லை. மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் நின்றார். அதனால்தான் வேலைக்கு வரவில்லை."

நல்லரத்தினம் கையெழுத்து வைத்தார், முத்திரையும் குத்தினார். குத்திய பிறகு இன்னொரு தரம் வாசித்தார். உசனார் கொடுக்காமல் விட்ட விளக்கத்தைப் பெக்டரியே கொடுத்திருந்தது. இனி எந்த முகத்தோடு ஆளை வேலையிலிருந்து நிற்பாட்டுவது?

"நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றார், கதவடியில் நின்ற உசனாரிடம்.

சூடு கண்ட பூனை மாதிரி, விதிகள் எல்லாவற்றையும் அப்படியே நேராக எழுதச் சொல்லி வதனியிடம் கொடுத்தார். அடுத்த மாதம் அவை மிசினடிச் சுவரில் தொங்கின. உசனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தபடி நின்றுவிட்டார்.

"நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே இருக்கக் கதிரை கொடுக்க வேண்டும்."

"இது புதுசாப் போட்டதா புள்ள?"

"இல்ல காக்கா. 'ஆசன வசதி ஏற்பாடு செய்யப்படுதல் வேண்டும்' எண்டு முந்தியும் இருந்ததுதான்."

உசனார் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நேரே மனேஜரின் அறைக்குப் போனார்.

"என்ன உசனார்?"

"நான் காலியாக்கிப் போட்டுப் போன கதிரை எங்க இரிக்கி சேர்? எடுத்துட்டுப் போக வந்தன்."