சீமாட்டியின் கட்டில்

"அம்மா, அது அவ வேலை பார்க்கிற இடம். உன் கைவரிசைய அங்க காட்டிடாதே," என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான் மகன்.

அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள் அந்தப் பழைய மாளிகையைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறாள். அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற மாமியார் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அந்தக் கவலையிலேயே எனக்கு முந்தின இரவு தூக்கம் இல்லை.

அவள் பேச்சில் சொக்கிப்போய்க் கூட்டத்தோடு மாடி ஏறினேன். எல்லோரும் பால்கனிக்குப் போனார்கள். முழங்கால் வலிக்கவே, நான் மட்டும் அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த சீமாட்டியின் படுக்கையறையில் நின்றுவிட்டேன்.

கட்டிலைப் பார்த்ததும் பகீரென்றது. போர்வை பாதி தரையில். தலையணை கோணல். செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. யாரோ வேலையை அரைகுறையாக விட்டுப் போயிருக்கிறார்கள், கெட்ட பெயர் இவளுக்கல்லவா வரும்? தடுப்புக் கயிற்றைத் தாண்டியதே எனக்கு உறைக்கவில்லை. போர்வையை உதறி விரித்தேன். தலையணையைத் தட்டி வைத்தேன். செருப்புகளை ஜோடி சேர்த்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

கூட்டம் திரும்பி வந்தது. கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி அவள் ஆரம்பித்தாள்.

"சீமாட்டி இப்பதான் எழுந்து போனாங்கன்னு தோணணும். அதுக்காகவே இந்தப் படுக்கையைக் கலைச்சே வெச்சிருக்கோம், பாருங்க..."

திரும்பினாள். போர்வையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மகன் கட்டிலைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தான். "அம்மா!"

போச்சு, எல்லாம் போச்சு.

"உனக்குத் திட்டு விழுமோன்னுதாம்மா..." என்றேன்.

"சீமாட்டியோட மாமியார் வந்துட்டுப் போயிருப்பாங்க!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

உதட்டைக் கடித்துப் பார்த்தும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மேனேஜர் வர்றதுக்குள்ள நீங்களே கலைங்க அத்தை."

போர்வையை இழுத்தேன். எப்படி இழுத்தாலும் மடிப்புக் கலையாமல் அழகாகவே விழுந்தது.

"அய்யோ, கலைக்கக்கூடத் தெரியலையே உங்களுக்கு!" என்று வந்து ஒரே இழுப்பில் அலங்கோலமாக்கினாள். "என் ரூமும் இப்படித்தான் கிடக்கும் அத்தை. கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துட்டுச் சும்மா இருப்பீங்களா?"

"கண்ண மூடிக்கிறேன்மா."

"ஐயோ, வேணாம். துணி மடிக்கிறதுன்னாலே எனக்கு வேப்பங்காய். அத மட்டும் நீங்க பார்த்துக்கங்க. படுக்கையில மட்டும் கை வைக்காதீங்க."

"பாத்திரம்?" என்றேன் ஆசையாக.

"பேசித் தீர்த்துக்கலாம்," என்றாள்.