ஆற்றுக்கு அக்கரையில் பதினொரு நாள்

1.

அன்று வாத்தியார் வீட்டு அடுக்களையில் மூன்று பேர் இருந்தார்கள். வெளிச்சம் காகிதத்தில் விழும்படி சன்னலோரத்தில் பள்ளி ஆசிரியர் ஆபெல் ருஸ்கோ. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே, காபிக் கெண்டியைப் பிடித்தபடி அவர் மனைவி எம்மி. வாசலை ஒட்டிய பெஞ்சில், ஈர பூட்ஸைக் கழற்றாமல், எம்மியின் அண்ணன் சீமோ. கியூமி ஆற்றில் வெட்டுமரங்களை மிதக்கவிட்டு ஓட்டுகிறவன், கிழக்குக் கரைக்காரன்.

இந்தக் கதை ஒரு கிழிந்த தாளிலிருந்து பிறந்தது. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'இரண்டு பேரரசுகள் ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் அமர்ந்து—'

(விட்டுவிட்டேன். பேரரசுகள் ஆற்றங்கரையில் உட்காருவதில்லை. ரை தானியம் விதைக்கிறவர்கள்தான் உட்காருகிறார்கள்.)

2.

விஷயம் இதுதான். 1743 முதல் 1809 வரை எங்கள் ஆறுதான் எல்லை. மேற்குக் கரை ஸ்வீடன் ராஜாவுக்கு, கிழக்குக் கரை ரஷ்யச் சக்கரவர்த்திக்கு. பிறகு இரண்டு கரையும் சக்கரவர்த்திக்கே என்றாகி, இந்த 1903 வரை அப்படியே இருக்கிறது. ஒரே மண், ஒரே மழை, இரண்டு அரசுகள். எந்த அரசின்கீழ் மனிதன் முன்னேறினான் என்று அளக்க இதைவிட நல்ல தராசு கிடைக்காது என்று ஆபெல் நினைத்தார். இரு கரைத் தேவாலய ஏடுகளிலும் ரை விதைத்த தேதியும், ஒரு படி விதைக்கு எத்தனை படி விளைந்தது என்பதும் இருந்தன. நான்கு வருடம் உட்கார்ந்து அட்டவணை போட்டார்.

கிழக்குக் கரை ஆண்டுதோறும் பதினொரு நாள் முந்தி விதைத்திருந்தது; பனிக்கு முந்தி விதைப்பவனே தேர்ந்த உழவன் என்பது அவர் கணக்கு. 1753க்கு முன் அந்த வித்தியாசம் இல்லை. 'புதிய ஆட்சி வேரூன்றப் பத்தாண்டு பிடித்தது' என்று எழுதினார். 1800க்குப் பிறகு அது பன்னிரண்டு நாளானது. 'தொடர்ந்த முன்னேற்றம்' என்று எழுதினார். விளைச்சல் மட்டும் இடித்தது. மேற்கே ஒன்றுக்கு ஆறு, கிழக்கே நான்கு. விதை மட்டமாக இருந்திருக்கும் என்று ஓர் அடிக்குறிப்பில் அதைத் தள்ளிவிட்டார்.

ஆட்சியைப் புகழ்ந்த இந்தக் கட்டுரை தலைநகரில் சக்கரவர்த்தியின் ஓர் அலுவலகத்துக்குப் பிடித்துப்போனது. அச்சடித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப்போவதாகவும், கையெழுத்திட்ட சம்மதம் சனிக்கிழமை ரயிலில் வரவேண்டும் என்றும் எழுதினார்கள். மரியாதையான கடிதம்தான். ஆனால் ஆறு வாரத்துக்கு முன் பக்கத்துத் திருச்சபை ஊரின் வாத்தியாருக்கும் அப்படி மரியாதையான கடிதம்தான் வந்தது. ஒரு வாக்கியத்தைத் திருத்த மறுத்தார். மூன்றாம் நாள் அவர் வீட்டுச் சன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர் பெயர் போலீஸ் ஏட்டில் ஏறிவிடும்.

(வெளியே சக்கரச் சத்தம். எழுதுவதை நிறுத்தினேன். பால் வண்டி.)

3.

சீமோ சும்மா இருக்கமாட்டான். மேற்குக் கரைக்காரர்களைச் சீண்டாமல் அவனுக்குக் காபி இறங்காது. சம்மதக் கடிதத்துக்கு உறை மடித்துக்கொண்டிருந்த ஆபெலிடம், தன் பாட்டனாருக்குப் பாட்டனார் வருஷத்துக்கு இரண்டு கிறிஸ்துமஸ் சாப்பிட்டவர் என்று பெருமை அடித்தான்.

"இங்க வந்து உங்க ஆளுங்களோட பன்றிக்கறி தின்னுட்டு, உறைஞ்ச ஆத்து மேல நடந்து வீட்டுக்குப் போவாராம் மச்சான். அங்க பாத்தா கிறிஸ்துமஸுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கும். எங்க சக்கரவர்த்தியோட காலண்டர் பழசு. மறுபடியும் முதல்லேருந்து தின்பாரு."

ஆபெலின் கை உறைமேல் அப்படியே நின்றது.

மேற்கே ஆகஸ்டு இருபத்தொன்று. கிழக்கே ஆகஸ்டு பத்து. இரண்டும் ஒரே நாள். ஒரே காலை. ஒரே மேகத்தின் கீழ் இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் விதைத்திருக்கிறார்கள். ஸ்வீடன் புதிய காலண்டருக்கு மாறியது 1753இல்; ரஷ்யா மாறவே இல்லை. நூற்றாண்டு திரும்பியதும் வித்தியாசம் இன்னொரு நாள் கூடியது. அதுதான் அவருடைய தொடர்ந்த முன்னேற்றம்.

அலுவலகத்தின் கடிதம் மேசைமேல் கிடந்தது. எந்த அலுவலகக் கடிதத்திலும்போல அதன் தலையில் இரண்டு தேதிகள், பழையதும் புதியதும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து எங்களில் யார் கண்ணிலும் அது படுவதே இல்லை.

4.

பதினொரு நாளைக் கழித்தால் மிஞ்சுவது விளைச்சல்தான். ஆறும் நான்கும். அதற்கான காரணத்தை எம்மி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: கிழக்குக் கரை நிலத்தையெல்லாம் சக்கரவர்த்தி தன் பிரபுக்களுக்குத் தானமாகக் கொடுத்தார், வாரத்தில் மூன்று நாள் அவர்கள் வயலில் கூலியில்லா வேலை, மிச்ச நாள்தான் சொந்த வயல்.

சீமோ முகத்தைத் தொங்கப்போட்டான். "எங்கள ஒருத்தர் பாராட்டி எழுதினதே இதுதான் முதல் தடவ. அதையும் அழிக்கப் போறீங்களா?"

"பாராட்டு உனக்கா அண்ணே?" என்றாள் எம்மி. "பிரபுவோட சவுக்குக்கு."

இந்த இடத்தில் கதை நகர மறுக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். முதல் பட்டியலில் ஒருவரை விட்டுவிட்டேன். சமையலறையில் இருந்தது நான்கு பேர். சுவர்க் கடிகாரத்தின் கீழே, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, தேவாலய ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை லுண்டேன். இரு கரை ஏடுகளையும் பாதிரியாருக்குத் தெரியாமல் ஆபெலுக்கு எடுத்துக்கொடுத்து, தேதிகளைப் படியெடுத்தும் தந்தவர். கட்டுரையின் நன்றியுரையில் அவர் பெயர் முதலில் இருந்தது.

நான்தான் லுண்டேன்.

(அவரை நல்லவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன். அதற்கும் அவர் லாயக்கில்லை. பயந்தவர், அவ்வளவே.)

அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வாத்தியாரே, செத்துப்போனவங்களோட பதினோரு நாளுக்காக உயிரோட இருக்கறவங்க வீட்ட விட்டுப் போவாங்களா? அனுப்பிடுங்க. யார் கண்டுபிடிக்கப் போறா?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே," என்றார் ஆபெல். மடித்த உறையைக் கீழே வைத்தார்.

5.

எம்மி கெண்டியை வைத்துவிட்டு மாடிப்பரணுக்குப் போனாள். பெரிய பெட்டியைப் படி படியாக இழுத்து இறக்கும் சத்தம் கேட்டது. அதைத் துடைத்து, கம்பளிக் காலுறைகளை நான்கு நான்காக அடுக்கினாள்.

"எங்க அனுப்பினாலும் குளுரத்தானே செய்யும்," என்றாள்.

ஆபெல் சம்மதக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். தவறு என்னுடையது, பதினொரு நாள் என்பது இல்லை, அடிக்குறிப்பில் தள்ளியதே உண்மை. திருத்திய பக்கங்களை இணைத்தார். அப்போதுதான் லுண்டேன் எழுந்து, நன்றியுரையில் தன் பெயர் வேண்டாமே என்று கேட்டார். ஆம், நான்தான் கேட்டேன். ஆபெல் அந்த நன்றியுரைத் தாளைக் கிழித்து என் பக்கம் தள்ளிவிட்டு, என் பெயர் இல்லாமல் நிதானமாக, அழகான எழுத்தில், இன்னொரு தாள் எழுதினார். அரக்கு உருக்க மெழுகுவத்தியைப் பிடித்தவன் நான்தான். ஒரு சொட்டு அவர் விரலில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டு முத்திரையை அழுத்தினார்.

6.

எட்டு நாளாகிறது. பதில் இல்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்று: கடிதத்தை எங்கேயோ ஒரு குமாஸ்தா படிக்காமலே அலமாரியில் போட்டுவிடுகிறான். இரண்டு: ஒரு காலை வாத்தியார் வீட்டுச் சன்னல்களில் பலகை. மூன்று: வருகிறவர்கள் ஆபெலிடம், ஏடுகளை யார் கொடுத்தது என்று மட்டும் கேட்கிறார்கள், அவர் அப்போதும்—

மூன்றாவதை முடிக்க முடியவில்லை. அவர் சொல்லமாட்டார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் தூக்கமில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்துகிறேன். இன்று காலை அதே அலுவலகத்துக்கு மூன்று வரி எழுதினேன். ஏடுகளைக் கொடுத்தவன் நான். தேதிகளைப் படியெடுத்தவனும் நான். திருத்தம் சரியானது. கீழே முழுப் பெயர், சபை, வீடு. தலையில் இரண்டு தேதிகள். இந்த முறை இரண்டையும் பார்த்து எழுதினேன். கிழித்த நன்றியுரைத் தாளை இரண்டாக மடித்து உள்ளே வைத்தேன்.

சீமோ ரயிலடிக்குப் போகும் வழியில் வாசலில் நிற்கிறான். "என்னா கோயில்பிள்ளை, அரக்கு மேசையெல்லாம் கொட்டியிருக்கு," என்கிறான்.

முத்திரையை அழுத்தினேன். ஆறும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு உறையை அவன் கையில் கொடுத்தேன். முடிவு இனி என் வீட்டுக் கதவுக்கு வரும். எனக்கு என்ன ஆனது என்று உங்களுக்கு முதலில் தெரிந்தால், எம்மிக்கு ஒரு வரி எழுதுங்கள்.